புயல் அடிச்ச ஊரோட நஷ்டத்தை சரியா கணக்கு பாக்குறது எப்படி

பெரிய புயல் ஒண்ணு அடிச்சு ஓஞ்ச ரெண்டாவது நாளே நியூஸ்ல ஒரு தொகை வந்துடும், இத்தனை கோடி நஷ்டம்னு. அதுக்கப்புறம் எல்லாரும் அந்தத் தொகையைத்தான் பேசுவாங்க, ஷேர் பண்ணுவாங்க, போன புயலை விட இது பெருசா சின்னதான்னு வாக்குவாதம் கூட நடக்கும். ஆனா அந்த ஒரு நம்பரை மட்டும் வச்சுக்கிட்டு அங்க இருக்குற ஜனங்களுக்கு என்ன ஆச்சுன்னு புரிஞ்சுக்கவே முடியாது. யாரோட பிழைப்பு போச்சு, அது திரும்பி வர எத்தனை நாள் ஆகும், இந்த ரெண்டு கேள்விக்கும் அதுல பதில் இருக்காது. இந்த ரெண்டையும் எப்படி தேடிக் கண்டுபிடிக்கிறதுன்னுதான் எழுதுறேன். காலேஜ் ப்ராஜெக்ட் பண்றவங்க, நிவாரண வேலைக்கு வாலண்டியரா போறவங்க, இல்ல நியூஸ் பாத்துட்டு மனசு கேக்காம இன்னும் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறவங்க, யாருக்கும் உபயோகப்படும். புயலை வச்சு சொல்றேன், ஆனா வெள்ளம், பூகம்பம், சுனாமி எதுக்கும் இதே கணக்குதான்.

முதல்ல கேட்டகிரி நம்பரை ஓரமா வைங்க

அமெரிக்கா பக்கம் அடிக்கிற பலமான புயலுக்கு ஹரிக்கேன்னு பேரு, அதுக்கு 1-ல இருந்து 5 வரைக்கும் கேட்டகிரி குடுக்குறாங்க இல்லையா, அது சஃபிர்-சிம்ப்சன் அளவுகோல். மணிக்கு 119 கிலோமீட்டர் காத்து அடிச்சா 1, 252-க்கு மேல போச்சுன்னா 5. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா அது காத்தோட வேகத்தை மட்டும்தான் பாக்குது. மழை எவ்ளோ கொட்டும், கடல் எவ்ளோ உயரம் ஏறி வரும், புயல் ஒரே இடத்துல எத்தனை நாள் உக்காந்திருக்கும், இது எதுவும் அந்த நம்பர்ல கிடையாது. 2005-ல கத்ரீனா புயல் கரையைத் தொட்டப்போ கேட்டகிரி 3தான், ஆனா அமெரிக்காவோட நியூ ஆர்லியன்ஸைச் சுத்தி இருந்த கரைச்சுவர்கள் உடைஞ்சு ஊர்ல 80 சதவீதம் தண்ணிக்குள்ள போச்சு. 2012-ல சாண்டி நியூ ஜெர்சி கரைக்கு வந்தப்போ கணக்குப்படி அது ஹரிக்கேனாவே இல்ல, இருந்தும் 6,500 கோடி டாலர் அளவுக்கு சேதம். 1998-ல மிட்ச் ஹோண்டுராஸுக்குள்ள நுழையும்போது ரொம்ப வலுவிழந்துதான் இருந்துச்சு, ஆனா நகராம நின்னு நாள்கணக்கா மழை கொட்டினதுல மலைச்சரிவெல்லாம் சரிஞ்சு மத்திய அமெரிக்கால 11,000 பேருக்கு மேல செத்துப் போனாங்க.

அதனால புயல் நியூஸ் படிக்கும்போது காத்து வேகத்தோட சேத்து கடல் எத்தனை அடி ஏறுச்சு, மழை எத்தனை சென்டிமீட்டர், எத்தனை மணி நேரம் நின்னுச்சுன்னு மூணையும் குறிச்சு வச்சுக்கோங்க. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் தண்ணி எடுத்தா எடை ஒரு டன். அது தெருவுல ஓடி வந்து செவத்துல மோதினா செவரு நிக்குமான்னு யோசிச்சாலே தண்ணியை ஏன் தனியா கணக்கு எடுக்கணும்னு புரிஞ்சிடும்.

தொகையைப் பாக்காதீங்க, யாரோட தலையில விழுந்துச்சுன்னு பாருங்க

2017-ல ஒரே சீசன்ல நடந்த ரெண்டு விஷயத்தை பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ஹூஸ்டன் பக்கம் ஹார்வி அடிச்சதுல 12,500 கோடி டாலர் சேதம், கேக்கவே மலைப்பா இருக்கும். ஆனா அமெரிக்காவோட ஒரு வருஷ ஜிடிபில அது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதே சீசன்ல டொமினிக்கான்னு ஒரு குட்டித் தீவு, மொத்தமே 70,000 பேர்தான், அங்க மரியா அடிச்சு சுமார் 130 கோடி டாலர் போச்சு. ஹார்வியோட ஒப்பிட்டா நூத்துல ஒரு பங்கு. ஆனா அந்த நாடு ஒரு வருஷம் முழுக்க உழைச்சு உண்டாக்குறதை விட ரெண்டே கால் மடங்கு, 226 சதவீதம்! அந்தத் தீவு எழுந்திருக்கணும்னா யாராவது கை குடுத்தாத்தான் முடியும், சொந்தக் காசுல வழியே கிடையாது.

இதுக்கு நேர்மாறான ஏமாத்தும் ஒண்ணு இருக்கு. 2008-ல மியான்மர்ல நர்கிஸ் அடிச்சு 1,30,000 பேருக்கு மேல செத்துப் போனாங்க இல்ல காணாமப் போனாங்க. பண நஷ்டம்னு போட்டது சுமார் 400 கோடி டாலர். ஹார்வில செத்தவங்க நூத்துச் சொச்சம் பேர், தொகை 12,500 கோடி. தொகையை மட்டும் வச்சு வரிசைப்படுத்தினா நர்கிஸ் கீழ எங்கயோ போயிடும். குடிசைக்கு மார்க்கெட் விலை கம்மி, அதனால குடிசை போனா கணக்குல கம்மியாத்தான் ஏறும், ஆனா அந்தக் குடும்பத்துக்கு இருந்ததே அது ஒண்ணுதானே. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடும். அதனால எப்பவும் தொகையை வகுத்துப் பாருங்க, நாட்டோட ஜிடிபியால, இல்ல ஆளுக்கு எத்தனை மாச வருமானம் போச்சுன்னு. அப்பதான் ஒப்பிடவே முடியும்.

சேதம் வேற, இழப்பு வேற

இதுதான் எல்லாத்துலயும் முக்கியம், அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன். ஐ.நா.வோட லத்தீன் அமெரிக்க, கரீபியப் பொருளாதார ஆணையம் 1970கள்ல ஆரம்பிச்ச ஒரு முறை இருக்கு, அப்புறம் உலக வங்கியும் மத்தவங்களும் சேந்து அதை வளத்தாங்க. அதுல உடைஞ்சு போன பொருளோட மதிப்பு ஒரு பக்கம், அது சேதம். அந்தப் பொருள் உடைஞ்சதால வராமப் போன வருமானமும் கூடுதலா ஆன செலவும் இன்னொரு பக்கம், அது இழப்பு. சேதம் ஒரே நாள்ல நடந்து முடிஞ்சிடும். இழப்பு மாசக்கணக்கா, சில சமயம் வருஷக்கணக்கா ஓடிக்கிட்டே இருக்கும்.

ஒரு வீட்டை எடுத்துப் பாப்போம். தையல் தச்சு குடும்பம் நடத்துற ஒரு அக்கா, வீட்டுக்குள்ள இடுப்பளவு உப்புத் தண்ணி ஏறிடுச்சு. தண்ணி வடிஞ்சதும் மெஷினை வெயில்ல வைக்கிறாங்க, ஆனா பாபின் கேஸுக்குள்ள மண்ணு, மோட்டார்ல உப்பு, மூணாவது நாள் துரு ஏறிடுச்சு. சர்வே எடுக்க வந்தவர் பாத்துட்டு தையல் மெஷின் ஒண்ணுன்னு எழுதிட்டுப் போயிடுவார். அந்த மெஷினோட விலை அவங்களோட 30 நாள் சம்பாத்தியம்னு வச்சுக்குவோம். இப்ப மெஷினுக்குப் பக்கத்துல மூட்டையா கிடந்த துணியைப் பாருங்க, அது கஸ்டமரோடது, சேத்துக் கறை போகாது, அதுக்கு ஈடு குடுத்தாகணும், அது ஒரு 10 நாள் சம்பாத்தியம். புது மெஷின் வாங்கவும் கரன்ட் திரும்பி வரவும் 75 நாள் ஆயிடுச்சு, அந்த நாள் முழுக்க வருமானம் இல்ல. அதுக்கப்புறமும் தெருவுல யாரும் புதுத் துணி தைக்கிற நிலைமைல இல்ல, எல்லாரும் கூரையைச் சரி பண்ணிக்கிட்டு இருக்காங்க, அதனால ஆறு மாசத்துக்கு பாதி வேலைதான், அது ஒரு 90 நாள் கணக்கு. சர்வேல ஏறினது 30 நாள், உண்மையான இழப்பு அதுக்கு மேல 175 நாள், கிட்டத்தட்ட ஆறு மடங்கு. இதுல மெஷினுக்காக வாங்கின கடனோட வட்டியை நான் இன்னும் சேக்கவே இல்ல.

நீங்க ஏதாவது ஊருக்குப் போய் கணக்கெடுத்தா இந்த மாதிரிதான் எடுக்கணும். என்ன உடைஞ்சுச்சுன்னு கேட்டுட்டு நிறுத்திடாதீங்க. அதை வச்சு என்ன சம்பாதிச்சீங்க, திரும்ப ஆரம்பிக்க எத்தனை நாள் ஆச்சு, நடுவுல எப்படி சாப்பிட்டீங்க, யார்கிட்ட கடன் வாங்கினீங்கன்னு வரிசையா கேளுங்க. பணமா சொல்ல கூச்சப்படுவாங்க, நாளா கேட்டா சொல்லிடுவாங்க.

மரம் வளக்குறவங்களுக்கு இது இன்னும் நீளும். 2004-ல ஐவன் புயல் கரீபியன்ல இருக்குற கிரெனடாவை அடிச்சப்போ பத்து வீட்டுல ஒன்பது வீடு சேதமாச்சு, மொத்த நஷ்டம் ஜிடிபியை விட ரெண்டு மடங்கு. ஜாதிக்காய் ஏற்றுமதில உலகத்துலயே இந்தோனேசியாவுக்கு அடுத்த இடத்துல இருந்த தீவு அது. மரமெல்லாம் வேரோட சாஞ்சுடுச்சு. ஜாதிக்காய் நட்டா காய்க்கவே ஏழெட்டு வருஷம் ஆகும், வீட்டைக் கட்டிடலாம், மரத்தை அவசரப்படுத்த முடியுமா சொல்லுங்க?

இழப்பு ஊரோட எல்லையைத் தாண்டியும் போகும். 2011 தாய்லாந்து வெள்ளத்துல ஃபேக்டரி ஏரியாக்கள் மூழ்கி உலகம் முழுக்க ஹார்ட் டிஸ்க் விலை ஏறுச்சு. 2017-ல மரியாவால அமெரிக்காவுக்குச் சொந்தமான கரீபியத் தீவு போர்ட்டோ ரிக்கோல மருந்து ஃபேக்டரிகள் நின்னதுல அமெரிக்க ஆஸ்பத்திரிகள்ல சலைன் பைக்குத் தட்டுப்பாடு வந்துச்சு. அதனால அடிபட்ட ஊர்ல என்ன செஞ்சு வெளிய அனுப்புனாங்கன்னு ஒரு லிஸ்ட் போட்டுக்கிட்டா அடுத்து எங்க வலிக்கும்னு முன்னாடியே சொல்லிடலாம்.

புயலுக்கப்புறம் பொருளாதாரம் வளந்துச்சுன்னு சொன்னா

சொல்வாங்க, ஒவ்வொரு தடவையும் யாராவது சொல்வாங்க. கட்டுமான வேலை கூடும், சிமெண்ட், கம்பி, மரம் எல்லாம் விக்கும், அதெல்லாம் ஜிடிபில வளர்ச்சியா ஏறும். ஆனா ஜிடிபி ஒரு வருஷத்துல புதுசா உண்டானதை மட்டும்தான் எண்ணுது, ஏற்கனவே இருந்து அழிஞ்சு போனதை அதுல கழிக்கிறதே இல்ல. இருந்த வீடு போயி அதே மாதிரி வீட்டை திரும்பக் கட்டினா உங்க கைல கூடுதலா ஒண்ணும் இல்ல, கடன்தான் கூடுதல். அதனால வளர்ச்சின்னு நம்பர் வந்தா பக்கத்துலயே அந்த ஊர்க்காரங்களோட கடன் எவ்ளோ ஏறுச்சுன்னு தேடுங்க.

கட்டடம் திரும்ப எழுந்தா தொழிலும் திரும்பிடும்னும் நினைக்காதீங்க. ஜப்பானோட கோபே துறைமுகம் 1995 பூகம்பத்துக்கு முன்னாடி கன்டெய்னர் துறைமுகங்கள்ல உலகத்துல ஆறாவது இடத்துல இருந்துச்சு. ரெண்டு வருஷத்துல ரிப்பேர் பண்ணி முடிச்சாங்க, ரொம்ப வேகமான வேலைதான். ஆனா அதுக்குள்ள கப்பல் கம்பெனிங்க தென் கொரியாவோட பூசான் மாதிரி வேற துறைமுகத்துக்குப் பழகிட்டாங்க, பழைய இடம் திரும்பி வரவே இல்ல. நம்ம தையல் அக்காவோட கஸ்டமர் வேற தையல்காரர்கிட்ட பழகிப் போற மாதிரிதான் இதுவும்.

செத்தவங்க எண்ணிக்கையை முதல் வாரத்துல நம்பாதீங்க

போர்ட்டோ ரிக்கோல மரியா அடிச்சு கிட்டத்தட்ட ஒரு வருஷம் வரைக்கும் அரசாங்கக் கணக்கு 64 பேர். அப்புறம் ஜார்ஜ் வாஷிங்டன் யுனிவர்சிட்டி ஆய்வு பண்ணி 2018 ஆகஸ்ட்ல சொன்னது 2,975 பேர், அரசாங்கமும் அதை ஏத்துக்கிச்சு. எங்கிருந்து வந்தாங்க இத்தனை பேர்? தீவு முழுக்க கரன்ட் திரும்ப வர ஏறக்குறைய 11 மாசம் ஆச்சு. டயாலிசிஸ் மெஷின் ஓடல, ஆக்சிஜன் மெஷின் ஓடல, இன்சுலின் வைக்க ஃப்ரிட்ஜ் இல்ல, ரோடு அடைஞ்சு ஆம்புலன்ஸ் போகல. சர்ட்டிஃபிகேட்ல மாரடைப்பு, சர்க்கரைன்னு எழுதியிருப்பாங்க, புயல்னு யாரும் எழுத மாட்டாங்க.

இதைக் கண்டுபிடிக்கிற வழி கஷ்டமானது இல்ல. புயலுக்கப்புறம் வந்த ஆறு மாசத்துல மொத்தம் எத்தனை சாவு பதிவாச்சுன்னு எடுங்க. முந்தின சில வருஷங்கள்ல அதே மாசங்கள்ல சராசரி எத்தனைன்னு எடுங்க. கழிங்க. வர்ற மிச்சத்துல ஒரே ஒரு திருத்தம் பண்ணணும், புயலுக்கப்புறம் நிறைய பேர் ஊரை விட்டுப் போயிருப்பாங்க, ஜனத்தொகை குறைஞ்சிருக்கும், அதனால ஆயிரம் பேருக்கு இத்தனைன்னு விகிதமா கணக்குப் போடுங்க, இல்லன்னா எண்ணிக்கை பொய்யா குறைஞ்சு காட்டும்.

இன்னொண்ணு, கணக்குக்காக மட்டும் இல்ல, உயிருக்காகவும் சொல்றேன். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளயோ ஜன்னல் பக்கத்துலயோ வச்சு ஓட்டவே ஓட்டாதீங்க. 2020-ல லாரா புயல் அமெரிக்காவோட லூசியானா மாநிலத்தை அடிச்சப்போ கடல் ஏறினதுல ஒருத்தரும் சாகல, முன்னாடியே காலி பண்ணிட்டாங்க. ஆனா புயல் போனதுக்கப்புறம் ஜெனரேட்டர் புகைல இருக்குற கார்பன் மோனாக்சைடு குடும்பம் குடும்பமா பலி வாங்குச்சு. அதுக்கு வாசனை கிடையாது, தூங்கிட்டு இருந்தா தெரியவே தெரியாது.

லிஸ்ட்ல யாரு இல்லன்னு தேடுங்க

நிவாரண லிஸ்ட் கைக்கு வந்தா இருக்குற பேரைப் படிக்கிறதை விட இல்லாத பேரைத் தேடுறதுதான் உண்மையான வேலை. வாடகைக்கு இருந்தவங்க, தினக்கூலி, பத்திரம் இல்லாத வீடு, வேற ஊர்ல இருந்து பிழைக்க வந்தவங்க, இவங்கதான் வழக்கமா விட்டுப் போறவங்க. போர்ட்டோ ரிக்கோல தலைமுறை தலைமுறையா குடியிருந்த வீட்டுக்குப் பத்திரம் காட்ட முடியாம ஆயிரக்கணக்கான விண்ணப்பம் தள்ளுபடி ஆச்சு.

இழப்பீட்டை எந்த அளவுகோல்ல குடுக்குறாங்கன்னும் பாருங்க. கத்ரீனாவுக்கப்புறம் லூசியானால ரோட் ஹோம்னு ஒரு திட்டம் கொண்டு வந்தாங்க. வீட்டோட பழைய மார்க்கெட் விலை, திரும்பக் கட்டுற செலவு, ரெண்டுல எது கம்மியோ அதை வச்சு கணக்கு. ஒரே அளவு வீடு, ஒரே அளவு சேதம், கட்டுற செலவும் ஒண்ணுதான், ஆனா கறுப்பின மக்கள் இருக்குற ஏரியால மார்க்கெட் விலை கம்மி, அதனால அவங்களுக்கு வந்த பணமும் கம்மி. கோர்ட் வரைக்கும் போயி 2011-லதான் ஒரு சமரசம் ஆச்சு. ஒரு வரி ஃபார்முலாதான், ஆனா யாரு ஊர் திரும்புவாங்க, யாரு திரும்ப மாட்டாங்கன்னு அதுவே முடிவு பண்ணிடுச்சு.

இன்சூரன்ஸும் இப்படித்தான், இருக்குதான்னு மட்டும் கேட்டா பத்தாது, எதுக்கு இருக்குன்னு கேக்கணும். அமெரிக்கால சாதாரண வீட்டு இன்சூரன்ஸ் வெள்ளத்துக்கு வராது. அதுக்குன்னு 1968-ல இருந்து அரசாங்கத் திட்டம் தனியா இருக்கு, அதுலயும் பொதுவா எடுத்து 30 நாள் கழிச்சுதான் அமலுக்கு வரும். புயல் கிளம்பிடுச்சுன்னு கேள்விப்பட்டு எடுத்தா பிரயோஜனம் இல்ல. நாடுகளுக்கே இன்சூரன்ஸ் உண்டு, கரீபியன் நாடுகள் சேந்து 2007-ல ஒரு பொது நிதி ஆரம்பிச்சாங்க, காத்து வேகம், மழை அளவு இதை வச்சே 14 நாளுக்குள்ள பணம் வந்துடும், வீடு வீடா சர்வே வேண்டாம். டொமினிக்காவுக்கு மரியாவுக்கப்புறம் அப்படி வந்தது 1.9 கோடி டாலர். சீக்கிரம் வந்தது பெரிய உதவி, ஆனா போனது 130 கோடி. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற பள்ளத்தை யாரு நிரப்புறாங்கன்னு பாத்தா பெரும்பாலும் அடிபட்டவங்களேதான்.

ஊர் எழுந்துச்சான்னு எப்படித் தெரியும்

அறிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம், கண்ணால பாக்குற அடையாளமே போதும். அமெரிக்கப் பேரிடர் அமைப்பான ஃபெமாவோட தலைவரா இருந்த கிரெய்க் ஃபியூகேட், வாஃபிள் ஹவுஸ்ங்குற சாப்பாட்டுக் கடையை வச்சே நிலைமையை எடை போடுவார். எல்லா ஐட்டமும் கிடைச்சா பச்சை, பாதி மெனுதான்னா மஞ்சள், கடையே மூடியிருந்தா சிவப்பு. கரன்ட், தண்ணி, லாரி, வேலையாள், இந்த நாலும் வந்தாத்தான் சமையல் கட்டு முழுசா ஓடும், அதனால அது நல்ல அளவுகோல்தான். இதே மாதிரி ராத்திரில எத்தனை வீட்டுல லைட் எரியுது, ஸ்கூல்ல முன்னாடி வந்த பசங்கள்ல எத்தனை பேர் வர்றாங்க, மருந்துக் கடை எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்குன்னு வாரா வாரம் ஒரே நாள்ல எண்ணி எழுதுங்க. நாசா சாட்டிலைட்டும் போர்ட்டோ ரிக்கோல ராத்திரி வெளிச்சத்தை வச்சுதான் எந்த ஏரியா இருட்டுலயே கிடக்குதுன்னு பாத்துச்சு.

ஜனத்தொகையை மறக்காம சேத்துக்கோங்க. நியூ ஆர்லியன்ஸ்ல 2000 சென்சஸ்ல 4,84,000 பேர், 2010-ல 3,43,000 பேர். போனவங்களோட சேந்து வரிப்பணமும் டீச்சரும் நர்ஸும் போயிடுவாங்க, அப்புறம் திரும்பி வர நினைக்கிறவங்களுக்கு ஸ்கூலும் ஆஸ்பத்திரியும் இருக்காது.

நடக்காமப் போனதையும் தனியா ஒரு கட்டம் போட்டு எழுதுங்க, இதை யாருமே எழுதுறதில்ல. 1999 ஒடிசா சூப்பர் சைக்ளோன்ல செத்தவங்க 10,000 பேர் பக்கம். 2013-ல ஃபைலின் வந்தப்போ 10 லட்சம் பேர் அளவுக்கு முன்னாடியே வெளியேத்தினாங்க, சாவு 50-க்குள்ள நின்னுச்சு. 1970-ல போலா புயல்ல 3 லட்சம் பேருக்கு மேல பறிகொடுத்த மண்ணுல, பங்களாதேஷ் 1972-ல இருந்து ஊர் ஊரா வாலண்டியர்களைத் தயார் பண்ணிச்சு, 2020 ஆம்பன் புயலுக்கு முன்னாடி 20 லட்சம் பேருக்கு மேல ஷெல்டருக்குப் போனாங்க. பண நஷ்டம் அப்பவும் இருந்துச்சுதான், வீட்டையும் பயிரையும் தூக்கிக்கிட்டு ஓட முடியாது. ஆனா எச்சரிக்கை மணிக்கும் ஷெல்டருக்கும் செலவு பண்ணது வீண்னு யாராவது சொன்னா இந்த எண்ணிக்கையை எடுத்துக் காட்டுங்க.

கடைசியா, ஒரு தடவை கணக்கெடுத்துட்டு விட்டுடாதீங்க. முதல் வாரம், ஆறாவது மாசம், ஒரு வருஷம், மூணு வருஷம்னு தேதி குறிச்சுக்கிட்டு அதே வீடுகளுக்கே திரும்பப் போங்க, புது வீடு சேக்காதீங்க. வீடு பூட்டியிருந்தா பக்கத்து வீட்டுல விசாரிச்சு எங்க போனாங்கன்னு எழுதிக்கோங்க, அதுவும் கணக்குதான். தையல் அக்கா இருந்தாங்கன்னா மெஷின் ஓடுதான்னு கேக்காதீங்க, அது ஓடிக்கிட்டுதான் இருக்கும். பழைய கஸ்டமர்ல எத்தனை பேர் திரும்ப வந்தாங்க, மெஷினுக்கு வாங்கின கடன் இன்னும் எத்தனை மாசம் பாக்கின்னு கேளுங்க.